1909 பாணி கால்பந்து பூட்ஸ்: ஆறு வாரம் போட்டு ஆடிய பிறகு

வலது கால் பூட்ஸ் 562 கிராம், இடது 571. சமையலறைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வழக்கமாகப் போட்டு ஆடும் பூட்ஸ் ஒன்று 230 கிராம்கூடத் தேறாது. தராசிலிருந்து எடுத்துக் கையில் பிடித்தபோதே, நூறு வருடத்துக்கு முன் இங்கிலாந்தில் ஆடிய கறுப்பினக் கால்பந்து ஆட்டக்காரர் வால்டர் டல் பற்றி இத்தனை நாள் படித்ததை எல்லாம் திரும்பப் படிக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது.

பொருள் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் 1900களின் தொடக்கத்தில் தொழில்முறை ஆட்டக்காரர்கள் போட்ட கால்பந்து பூட்ஸை அதே முறையில், அதே மாதிரித் தோலில், கையால் செய்து தருகிறார் ஒருவர். கணுக்காலுக்கு மேல் ஏறும் உயரம், கட்டை மாதிரி கெட்டியான முன்முனை, அடியில் ஆணி அடித்துப் பதித்த தோல் பட்டைகள். விலை 265 பவுண்டு. எட்டு மாதம் காத்திருந்தேன். செய்பவர் இந்த நார்த்தாம்ப்டன் ஊரிலேயே ஷூ தொழிற்சாலைகளில் நாற்பது வருடம் உழைத்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர். வீட்டுத் தோட்டத்தின் பின்பக்கக் கொட்டகைதான் பட்டறை. மாதம் ஒரு ஜோடிக்கு மேல் முடிவதில்லை, பெயரை இணையத்தில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதனால் போடவில்லை. நாடகத்துக்கும் சினிமாவுக்கும் வாடகைக்கு விடும் அலங்கார பூட்ஸ் அறுபது பவுண்டுக்கே கிடைக்கும். அது வேறு. அதைப் போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொள்ளலாம், பந்தை உதைத்தால் முனை மடங்கிவிடும்.

நான் ஆம்பூர்க்காரன். பதினெட்டு வயதில் ஷூ கம்பெனி கட்டிங் டேபிளில் நின்றவன். அப்பா வாணியம்பாடியில் தோல் பதனிடும் டேனரியில் மரப்பட்டைக் குழி வேலை. இப்போது பதினோரு வருடமாக இந்த ஊரில், ஒரு ஷூ தொழிற்சாலையின் க்ளோசிங் ரூமில், அப்பர் எனும் மேல்பாகத்தைத் தைக்கும் பகுதியில் இருக்கிறேன். இந்த ஊர் முழுக்கத் தோலும் தையலும்தான். ஊர் அருங்காட்சியகத்தில் செருப்புக்கும் ஷூவுக்கும் என்றே பெரிய சேகரிப்பு இருக்கிறது, இங்கே இருக்கும் பல்கலைக்கழகத்தில் தோல் தொழில்நுட்பம் ஒரு படிப்பு. ஊர்க் கால்பந்து அணி நார்த்தாம்ப்டன் டவுனுக்கே 'காப்ளர்ஸ்' என்றுதான் பட்டப்பெயர், செருப்புத் தைப்பவர்கள். அந்த அணிக்கு 1911லிருந்து ஆடியவர் வால்டர் டல்.

அவர்களுடைய சிக்ஸ்ஃபீல்ட்ஸ் மைதானத்துக்கு வெளியே அவர் நினைவுச் சுவர் ஒன்று இருக்கிறது, 1999ல் திறந்தது. கில்ட்ஹால் முற்றத்தில் சிலை இருக்கிறது. வந்த புதிதில் அந்தச் சுவரைத் தாண்டித்தான் வேலைக்குப் போவேன். இங்கிலாந்தின் உயர்மட்டக் கால்பந்தில் ஆடிய முதல் சில கறுப்பினத்தவரில் ஒருவர், பிரிட்டிஷ் தரைப்படையில் அதிகாரியான முதல் சில கறுப்பினத்தவரில் ஒருவர், முதல் உலகப் போரில் இறந்தார். சுருக்கமாகச் சொல்கிறவர்கள் இதைத்தான் சொல்வார்கள். எனக்குப் போதவில்லை. அவர் எப்படி ஆடினார்? ஓடும் படம் ஒன்றும் நான் பார்த்ததில்லை, நின்று எடுத்த புகைப்படங்கள்தான். நான் கால்பந்து எழுத்தாளன் இல்லை, தோல்காரன். அவர் காலில் என்ன இருந்தது என்பதிலிருந்து ஆரம்பித்தால் ஏதாவது பிடிபடும் என்று நினைத்தேன். அதனால்தான் 265 பவுண்டு. வீட்டில் நியாயமாகவே கேள்வி வந்தது, "ஏங்க, ஒரு ஜோடிக்கா?" என்று. ஓவர்டைம் காசு என்றேன்.

தோலிலிருந்து தொடங்குகிறேன், அங்கேதான் இந்தப் பொருளின் உயிர். அப்பர் முழுக்க மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல், பட்டைத் தோல் என்போம். இன்று நாம் போடும் ஷூக்களில் பெரும்பாலானவை குரோமிய உப்பில் பதனிட்டவை. மெத்தென்று இருக்கும், நனைந்தாலும் காய்ந்தாலும் பெரிதாக மாறாது. பட்டைத் தோல் அப்படி இல்லை. தண்ணீரைக் குடிக்கும். ஈரமாக இருக்கும்போது என்ன வடிவம் கொடுக்கிறோமோ, காயும்போது அந்த வடிவத்திலேயே இறுகும். அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் புது பூட்ஸைத் தண்ணீரில் ஊறவைத்துக் காலில் மாட்டிக்கொண்டே காயவிட்டார்கள் என்று சொல்வார்கள். நானும் செய்தேன். குளியல் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர், இருபது நிமிடம், பிறகு தடித்த கம்பளிக் காலுறையோடு வீட்டுக்குள் இரண்டு மணி நேரம் நடை. மூன்றாவது தடவைக்குப் பிறகுதான் பெருவிரல் மூட்டுக்கு நேராக மடிப்பு விழுந்தது. அது வரை நடக்கும்போது குதிகால் உள்ளே ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது.

தோல் சுமார் 2.4 மில்லிமீட்டர் கனம். முகர்ந்தேன், அப்பா வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைவது மாதிரி இருந்தது. எங்கள் பக்கம் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட மாட்டுத் தோல், 'கிப்' என்ற பெயரில் மதராஸிலிருந்து கப்பல் கப்பலாக லண்டனுக்குப் போன காலம் அது. இவர் எடுத்திருப்பது ஆவாரம் இல்லை, வேறு பட்டை. கேட்டேன், ஓக் என்றார். ஆனால் ஒரு விஷயம் அப்பா சொன்ன மாதிரியே செய்திருக்கிறார். "தோலைத் தடவிப் பார்த்துட்டு வெட்டுடா, எந்தப் பக்கம் இழுக்கும்னு அதுவே சொல்லும்" என்பார் அப்பா. இந்த இரண்டு பூட்ஸிலும் நீளும் திசை காலுக்குக் குறுக்காகத்தான் வருகிறது. நீளவாட்டில் இழுத்தால் அசையவில்லை. ஆறு வாரம் நனைந்து காய்ந்த பிறகும் பூட்ஸ் நீளம் கூடவில்லை. வெட்டினவர் கை தெரிந்த கை.

முன்முனை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உள்ளே கெட்டித் தோலை இரண்டு மடிப்பாகப் பசை ஊற்றி இறுக்கியிருக்கிறார். விரல் முட்டியால் தட்டினால் மரக்கதவைத் தட்டுவது மாதிரி சத்தம். அடியில் எனக்கு உருண்டைக் குமிழ் வேண்டுமா, குறுக்கே போகும் தோல் பட்டை வேண்டுமா என்று கேட்டார். அன்றைய விதிப்படி இரண்டும் அனுமதி. தோலால் செய்ததாக இருக்க வேண்டும், அரை அங்குலத்துக்கு மேல் துருத்தக் கூடாது, ஆணி வெளியே தெரியக் கூடாது. நான் பட்டை கேட்டேன். முன்பாதத்துக்குக் குறுக்கே இரண்டு, குதியில் ஒன்று.

சரி, ஆட்டம். நாற்பது வயதைத் தாண்டிய நாங்கள் பன்னிரண்டு பதின்மூன்று பேர் ரேஸ்கோர்ஸ் பூங்காவில் ஞாயிறு காலை ஆடுவோம். கூட்டாளி ஒருவரிடம் பழைய பாணித் தோல் பந்து இருக்கிறது, உள்ளே ரப்பர் பை, வாயைச் சுற்றி லேஸ் கட்டியது. அன்றைய விதி பந்து எடையை 13 முதல் 15 அவுன்ஸ், அதாவது சுமார் 370 முதல் 425 கிராம் என்று வைத்திருந்தது. இது காய்ந்திருக்கும்போது 412 கிராம், வரம்புக்குள் வருகிறது. ஆனால் விதி சொல்வது ஆட்டம் தொடங்கும்போது இருக்கும் எடையை. மழையில் நாற்பது நிமிடம் உருண்ட பிறகு திரும்ப நிறுத்தோம், 540. பூட்ஸ் ஒன்று 690.

முதல் ஞாயிறு நான் நன்றாக ஆடவே இல்லை. பாஸ் கொடுக்கப் போனால் பந்து பாதியில் நின்றது, அல்லது எதிராளி நெஞ்சுக்குப் போனது. பக்கவாட்டுத் தோல் கனமாக இருப்பதால் பந்து காலில் பட்டது உறைக்கவே ஒரு கணம் தாமதம். அடியில் இருக்கும் பட்டைகள் குத்துக் குத்தாக மண்ணைப் பிடிக்கவில்லை, ஒரு கோடாகப் பிடித்தன. நேராக ஓடினால் சறுக்கவில்லை. உடம்பைத் திருப்பினால் கால் திரும்ப மறுத்தது. கணுக்காலை இறுக்கிக் கட்டியிருப்பதால் பாதத்தை மட்டும் சுழற்றி லேசாகத் தட்டிவிடுவது என்பதே கிடையாது. இப்போதைய ஆட்டக்காரர்கள் செய்யும் பாதி வித்தை இந்த பூட்ஸில் நடக்காது.

மூன்றாவது ஞாயிறுதான் ஒன்று புரிந்தது. ஊன்றுகாலை முழுசாக ஊன்றி, அது மண்ணில் உட்கார்ந்ததை உணர்ந்து, அதற்குப் பிறகு அடித்தால் பந்து கோடு போட்ட மாதிரி போகிறது. கெட்டித் தோல் இருப்பதால் கால் விட்டுக்கொடுப்பதில்லை, எந்த வேகத்தில் நினைத்தோமோ அதே வேகம். அவசரப்பட்டால்தான் கெடுக்கிறது. ஊன்றுவதற்கும் அடிப்பதற்கும் நடுவில் கண்ணிமைக்கும் நேரம் பொறுக்க வேண்டும். எதிரே ஆள் ஓடி வரும்போது அந்த நேரத்தைப் பொறுப்பது எவ்வளவு கடினம் என்பது ஆடிப் பார்த்தால் தெரியும்.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் புத்தகத்தை எடுத்தேன். 1909 செப்டம்பரில், அப்போது டல் ஆடிய லண்டன் அணி டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் முதல் டிவிஷனுக்கு ஏறியிருந்த முதல் பருவம். அந்த வருடம் எஃப்.ஏ. கோப்பையை வென்றிருந்த மான்செஸ்டர் யுனைடெட், டாட்டன்ஹாமின் மைதானமான வொயிட் ஹார்ட் லேனுக்கு வருகிறது. 21 வயது டல் சொந்த மண்ணில் ஆடும் முதல் லீக் ஆட்டம். டெய்லி க்ரானிக்கிள் நிருபர் அவரைப் பற்றி எழுதியதில் கோலோ வேகமோ இல்லை. எதிராளி தப்பான இடத்துக்கு நகரும் வரை ஒரு நொடியின் சிறு பங்கு பொறுத்திருந்து பாஸ் கொடுக்கும் நிதானத்தையும், பாஸுக்குக் கொடுக்கும் வலுவின் அளவு தப்பாமல் இருப்பதையும்தான் வியக்கிறார். இதை நான் முன்பே இரண்டு தடவை படித்திருக்கிறேன். நல்ல பாராட்டு என்று கடந்துபோயிருக்கிறேன். இந்த பூட்ஸ் போட்ட பிறகுதான் அந்த நிருபர் எதைப் பார்த்தார் என்று தெரிந்தது. அரைக் கிலோவுக்கு மேல் கனமான ஒன்றைக் காலில் மாட்டிக்கொண்டு, தோளால் மோதித் தள்ளுவது சட்டப்படி செல்லும் ஆட்டத்தில், பொறுத்தவர் அவர்.

பொறுமை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று நான் சொல்ல முடியாது, வாழ்க்கையை மட்டும் சொல்கிறேன். 1888 ஏப்ரல் 28, கென்ட் கடற்கரையில் இருக்கும் ஃபோக்ஸ்டோனில் பிறந்தார். அப்பா டேனியல் பார்படோஸிலிருந்து வந்த தச்சர். டேனியலின் பெற்றோர் அடிமைகளாக இருந்தவர்கள். அம்மா ஆலிஸ் கென்ட்காரர். ஏழு வயதில் அம்மா போனார், ஒன்பதில் அப்பா. அப்பாவின் இரண்டாம் மனைவியான சித்தியால் எல்லாப் பிள்ளைகளையும் வைத்துச் சமாளிக்க முடியவில்லை. வால்டரும் அண்ணன் எட்வர்டும் லண்டன் பெத்னல் க்ரீனில் மெதடிஸ்ட் சபை நடத்திய அநாதை இல்லத்துக்குப் போனார்கள். இரண்டு வருடத்தில் எட்வர்டை கிளாஸ்கோவில் ஒரு குடும்பம் தத்தெடுத்தது, அவர் பல் மருத்துவர் ஆனார். வால்டர் இல்லத்திலேயே இருந்து அச்சுத் தொழில் கற்றார், இல்லத்து அணிக்குப் பந்து ஆடினார். 1908ல் க்ளாப்டன் என்ற அமெச்சூர் அணி. அந்த ஒரே பருவத்தில் அந்த அணி அமெச்சூர் கோப்பையும் லண்டன் சீனியர் கோப்பையும் அடித்தது. அடுத்த கோடையில் டாட்டன்ஹாம் அவரை அர்ஜென்டினா, உருகுவே சுற்றுப்பயணத்துக்கே கூட்டிப்போனது, திரும்பியதும் கையெழுத்து வாங்கியது.

கையெழுத்துக்கு 10 பவுண்டு. அதற்கு மேல் எந்தக் கிளப்பும் கொடுக்கக் கூடாது. வாரச் சம்பளம் அதிகபட்சம் 4 பவுண்டு, 1901லிருந்து கால்பந்துச் சங்கத்தின் கட்டளை. எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், எத்தனை ஆயிரம் பேர் காசு கொடுத்து உள்ளே வந்தாலும் அந்த 4 பவுண்டுதான் உச்சம். கிளப் விட்டாலொழிய வேறு கிளப்புக்குப் போகவும் முடியாது. அதை எதிர்த்து 1907ல் மான்செஸ்டரில் ஆட்டக்காரர் சங்கம் ஆரம்பித்தார்கள், 1909 கோடையில் வேலைநிறுத்தம் வரை விஷயம் போனது. டல் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனது சரியாக அந்தச் சமயத்தில். ஒரு கைத்தொழிலாளியின் கூலியோடு பார்த்தால் 4 பவுண்டு நல்ல பணம்தான். ஆனால் காலில் அடிபட்டால் அடுத்த வருடம் ஒன்றும் இல்லை. இந்தக் கெட்டி முனையோடு எதிராளி காலும் வருகிறது என்பதை மறக்கக் கூடாது. நாங்கள் ஆறு பேர் பழைய மாதிரி பூட்ஸ் போட்டு ஒரு தடவை ஆடினோம். காலுறைக்குள் தடுப்பு வைத்திருந்தும் என் கெண்டைக்காலுக்கு முன்பக்கம் பத்து நாள் நீலம் மாறவில்லை.

1909 அக்டோபர், பிரிஸ்டல். டாட்டன்ஹாம் அங்கே ஆடப் போனது. கூட்டத்தில் ஒரு பகுதி ஆட்டம் முழுக்க டல்லை நிறத்தைச் சொல்லி ஏசியது. அந்த ஆட்டத்தைப் பார்த்த ஃபுட்பால் ஸ்டார் பத்திரிகை நிருபர், மீன் சந்தைப் பேச்சைவிடக் கீழான பேச்சு என்று எழுதினார். மைதானத்தில் இருந்த முன்வரிசை ஆட்டக்காரர்களில் சிறந்தவர் டல்தான் என்றும் எழுதினார். அதற்குப் பிறகு சில வாரத்திலேயே முதல் அணியில் அவர் இடம் போயிற்று. டாட்டன்ஹாமுக்காக ஆடிய லீக் ஆட்டங்கள் மொத்தம் 10, கோல் 2. நன்றாக ஆடியவரை ஏன் வெளியே வைத்தார்கள் என்பதற்குக் கிளப் காரணம் எழுதிவைக்கவில்லை. கூட்டத்தின் வாய்க்குப் பயந்துதான் என்பது என் முடிவு. கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஊன்றி, பொறுத்து, அடிக்கிற ஆட்டம் ஒரு ஆட்டக்காரனுக்குக் கைகூட எத்தனை பருவம் ஆகும், அதை யாரோ கத்தியதற்காக ஒதுக்கிவைப்பதா?

1911 அக்டோபரில் நார்த்தாம்ப்டன் டவுன் அவரை வாங்கியது. மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன். பின்னாளில் ஹடர்ஸ்ஃபீல்டையும் ஆர்சனலையும் எங்கேயோ கொண்டுபோய் நிறுத்தியவர், அப்போது முப்பத்து மூன்று வயது. பணத்தோடு சார்லி பிரிட்டன் என்ற தற்காப்பு ஆட்டக்காரரையும் டாட்டன்ஹாமுக்குக் கொடுத்து டல்லை எடுத்தார் சாப்மன். லீக்கின் முதல் டிவிஷனிலிருந்து சதர்ன் லீக்குக்கு இறக்கம்தான். ஆனால் இங்கேதான் அவருக்கு ஆட்டம் கிடைத்தது. முன்வரிசையில் ஆரம்பித்து, பிறகு நடுவரிசையின் ஓரத்துக்கு, ஹாஃப் பேக் இடத்துக்கு மாறினார். இந்த பூட்ஸோடு ஆறு வாரம் ஆடியவன் என்ற முறையில் சொல்கிறேன், அது அவருக்காகவே வைத்த இடம். முன்வரிசையில் முதுகில் ஆள் ஒட்டிக்கொண்டே இருக்கும், பொறுக்க இடம் கிடையாது. பின்னாலிருந்து வந்தால் எதிரே முழு மைதானமும் தெரியும். ஊன்ற நேரம் கிடைக்கும். முதல் அணிக்கு 111 ஆட்டம் ஆடினார். இன்றும் சிக்ஸ்ஃபீல்ட்ஸ் பக்கம் கேட்டால் பெருமையாகச் சொல்வார்கள். அவர் ஆடியது சிக்ஸ்ஃபீல்ட்ஸில் இல்லை, பழைய கவுன்டி கிரவுண்டில். கிரிக்கெட்காரர்களோடு பங்கு போட்டுக்கொண்ட மைதானம், மூன்று பக்கம்தான் பார்வையாளர் மேடை.

மகள் பள்ளிக்கூடத்துக்கு பூட்ஸைக் கொண்டுபோனேன், ஆசிரியை கேட்டிருந்தார். பிள்ளைகள் வரிசையாகக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். ஒரு சிறுமி கேட்டாள், "சண்டைக்குப் போகும்போதும் இதையா போட்டுக்கிட்டுப் போனாரு?" நல்ல கேள்வி. இல்லை, ராணுவ பூட்ஸ். அதில் பெரும்பகுதி இந்த ஊரிலும் சுற்று ஊர்களிலும் தைத்தது, போர் நடந்த நான்கு வருடத்தில் ஒரு கோடி ஜோடிக்கும் மேல். மேல்பாகத்துக்கு மதராஸ் கிப் தோலை அரசாங்கமே மொத்தமாகக் கொள்முதல் செய்தது. எங்கள் பக்கத்துக் குழிகளில் ஊறிய தோல் அவர் காலில் இருந்திருக்கலாம் என்று அந்தப் பிள்ளைகளிடம் சொன்னேன். எனக்கே குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

1914 டிசம்பரில் மிடில்செக்ஸ் ரெஜிமென்டின் 17ஆம் பட்டாலியன் உருவானது, ஆட்டக்காரர்களுக்கென்றே திரட்டியது. நார்த்தாம்ப்டன் அணியிலிருந்து அதில் முதலில் சேர்ந்தவர் டல். சார்ஜன்ட் ஆனார். 1916ல் குண்டுச் சத்தத்தில் மனம் கலங்கி ஊருக்கு அனுப்பப்பட்டார், தேறித் திரும்பிப் போய் பிரான்சில் சோம் போர்க்களத்தில் சண்டையிட்டார். 1917ல் ஸ்காட்லாந்தில் கெய்ல்ஸ் முகாமில் அதிகாரிப் பயிற்சி. வெள்ளையர் அல்லாதவர் அதிகாரியாகக் கூடாது என்று ராணுவச் சட்டக் கையேடு சொன்ன காலத்தில் மே 30 அன்று செகண்ட் லெப்டினன்ட். பிறகு இத்தாலி. 1918 புத்தாண்டு இரவில் பியாவே ஆற்றைக் கடந்து, கடும் சுடுதலுக்கு நடுவில் தன் ஆட்களை ஒருவரையும் இழக்காமல் திருப்பிக் கொண்டுவந்தார். அவர் இருந்த படை டிவிஷனின் தலைவர் மேஜர் ஜெனரல் லாஃபோர்ட் தந்த பாராட்டில் இரண்டு குணத்தைச் சொல்கிறார், ஒன்று வீரம், இன்னொன்று நிதானம். டெய்லி க்ரானிக்கிள் நிருபர் எழுதிய அதே சொல். எட்டு வருடம் முன்பு வொயிட் ஹார்ட் லேனில் பார்த்த குணத்தை, அந்த ஆட்டத்தைப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லாத ஒரு ஜெனரல் ஆற்றங்கரையில் பார்த்திருக்கிறார். 1918 மார்ச் 25, பிரான்சில் ஃபாவ்ரூய் என்ற கிராமத்துக்கு அருகே ஜெர்மானியர் முன்னேற்றத்தின்போது சுடப்பட்டு இறந்தார். 29 வயது. ஆட்கள் உடலை இழுத்துவர முயன்றும் முடியவில்லை. கல்லறை இல்லை, அராஸ் நினைவுச் சுவரில் பெயர் மட்டும். வீரத்துக்குத் தரும் மிலிட்டரி க்ராஸ் விருது அவருக்குத் தரப்படவில்லை. தர வேண்டும் என்று இன்றுவரை கேட்கிறார்கள், நானும் அந்த மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இனி பொருளின் குறைகள். நான்கு இருக்கின்றன, செய்தவரிடமும் நேரில் சொல்லிவிட்டேன்.

நாக்குத் தோல் குட்டை. லேஸ் கட்டிய பிறகு இரண்டு விரல் இடைவெளி விழுகிறது, சேறு நேராக உள்ளே போகிறது. லேஸ் துளை வளையங்கள் மெல்லிய பித்தளை. நாலாவது வாரம் இடது பூட்ஸில் இரண்டு பிடுங்கிக்கொண்டன. இந்தக் கனத்துத் தோலுக்கு வளையமே இல்லாமல் துளையை மட்டும் போட்டு விளிம்பைத் தேய்த்துவிட்டிருந்தால் போதும். இடது குதியின் உள்பக்கக் கெட்டித் தோலைச் சரியாகச் சீவவில்லை, விளிம்பு உரசிக் கொப்புளம். சீவும் கத்தியை நானே எடுத்துச் சரிசெய்துகொண்டேன். தொழில் தெரியாதவர் இதில் கை வைக்கக் கூடாது, திருப்பி அனுப்பிவிடுங்கள். கடைசியாக, முன்பட்டையின் ஆணி ஒன்று ஐந்தாவது வாரம் பாதம் படும் உள்தோலான இன்சோலைத் துளைத்து மேலே எழும்பியது. இது அந்தக் காலத்து ஆட்டக்காரர்களும் பட்ட பாடு. ஆட்டத்துக்கு முன் நடுவர் பூட்ஸைத் திருப்பிப் பார்த்து ஆணி துருத்துகிறதா என்று சோதிப்பார். பெரியவர் கையோடு வாங்கிப்போய் இரண்டே நாளில் ஆணியை மடித்து அடித்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. என்றாலும் காலைக் கிழிக்கக்கூடியது, அதனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் உள்ளே விரலை விட்டுத் தடவிப் பாருங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு வாங்கலாமா? சுவரில் மாட்டி வைக்க என்றால் வேண்டாம், அந்த உழைப்புக்கு மரியாதை இல்லை. பழைய ஆட்டத்தைக் காலால் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள், பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறவர்கள், காத்திருக்க மனமிருந்தால் தாராளமாக வாங்கலாம். தையலுக்கு மட்டும் நான் முழு மதிப்பெண் போடுவேன். அங்குலத்துக்கு எட்டுத் தையல், மெழுகு தேய்த்த நூல், ஆறு வாரச் சேற்றுக்குப் பிறகும் ஒரு கண்ணிகூடத் தளரவில்லை.

பராமரிப்பு எளிது, ஆனால் விடாமல் செய்ய வேண்டும். ஆடி முடித்ததும் சேற்றை ஈரத்துணியால் துடைத்து, உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, நிழலில் காயவையுங்கள். மறுநாள் தாளை மாற்றுங்கள். ஹீட்டர் பக்கம் கொண்டுபோகாதீர்கள், பட்டைத் தோல் அப்பளம் மாதிரி வெடிக்கும். முக்கால்வாசி காய்ந்ததும் 'டப்பின்' என்ற தோலுக்குப் பூசும் கொழுப்பை விரலால் தேய்த்து ஏற்றுங்கள், தையல் ஓரங்களில் கூடுதலாக. நான் செவ்வாய்க்கிழமை இரவு செய்கிறேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து இடது பூட்ஸை எடுத்துக்கொள்வாள்.

அளவு கொடுக்கும்போது தாளின் மேல் இரண்டு காலையும் ஊன்றி நின்று, வேறொருவரைக் கோடு இழுக்கச் சொல்லுங்கள். உட்கார்ந்து இழுத்தால் அரை அளவு குறையும். தடித்த கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு இழுக்க வேண்டும். நாக்கு ஒரு அங்குலம் நீளமாக வேண்டும், துளைக்கு வளையம் வேண்டாம் என்று தாளிலேயே எழுதிவிடுங்கள். மகளுக்கு 3ஆம் அளவில் ஒரு ஜோடி கேட்டபோது நான் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். அடுத்த மார்ச்சில் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.